மாத்திரை மாறவில்லை, டிஎஸ்எச் ஏன் ஏறியது?

தைராய்டு மாத்திரையைப் பத்து வருஷமாக ஒரே டோஸில் சாப்பிட்டுவரும் 51 வயதுப் பெண் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்ததும் 75 மைக்ரோகிராம் லெவோதைராக்ஸின், ஒரு டம்ளர் தண்ணீர், அரைமணி நேரம் கழித்துத்தான் மற்றதெல்லாம். டிஎஸ்எச் (தைராய்டைச் சுரக்கச் சொல்லி மூளையடியிலிருந்து வரும் ஹார்மோன், தைராய்டு குறைந்தால் இது ஏறும்) எப்போது பார்த்தாலும் 1.5, 1.8 என்று சமர்த்தாக இருக்கும். மாதவிடாய் நிற்கிற பருவம் வந்தது. இரவில் வேர்த்துக் கொட்டியது, தூக்கம் போனது. மருத்துவர் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனை மாத்திரையாக எழுதிக் கொடுத்தார். ஒரு மாதத்தில் வேர்வை அடங்கிவிட்டது. மூன்றாவது மாதம் வேறு தொல்லைகள் தலைகாட்டின: அசதி, மலச்சிக்கல், குளிர் தாங்காமை, காலையில் முகம் லேசாக உப்பியிருப்பது. ரத்தம் எடுத்துப் பார்த்தால் டிஎஸ்எச் 6.9.

இவர் கற்பனைப் பெண்தான். ஆனால் ஹார்மோன் மாற்று சிகிச்சை தொடங்கியவர்களுக்கு இது நடப்பது ஒன்றும் அபூர்வமில்லை. நடக்கும்போது ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். மாத்திரை கம்பெனி சரியில்லை என்பார் ஒருவர். தைராய்டு முற்றிவிட்டது என்பார் இன்னொருவர். ஹார்மோன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்திவிடு என்பார் மூன்றாமவர். உண்மையில் சங்கதி நடந்தது கல்லீரலில். அதைப் புரிந்துகொண்டால், சிகிச்சையின்போது தைராய்டு ரிப்போர்ட்டிலும், சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியின் ஸ்டீராய்டு ஹார்மோனான கார்டிசால் ரிப்போர்ட்டிலும் வரும் குழப்பத்தில் பெரும்பகுதி தானாகவே தெளிந்துவிடும்.

தைராய்டு சுரப்பி பெரும்பாலும் டி4 (தைராக்ஸின்) என்ற ஹார்மோனைத்தான் சுரக்கிறது, லெவோதைராக்ஸின் மாத்திரையில் இருப்பதும் அதுவே. உடம்பின் திசுக்கள் அதைத் தேவைக்கேற்ப டி3 ஆக மாற்றிக்கொள்கின்றன. ரத்தத்தில் ஓடும் டி4-இல் ஏறக்குறைய முழுவதும் புரதங்களோடு ஒட்டிக்கொண்டுதான் ஓடுகிறது. அதில் சுமார் முக்கால் பங்கைச் சுமப்பது டிபிஜி என்ற ஒற்றைப் புரதம். ஒட்டாமல் தனியாக, சுதந்திரமாக இருப்பது பத்தாயிரத்தில் மூன்று பங்குதான். ரிப்போர்ட்டில் ‘ஃப்ரீ டி4’ என்று போட்டிருப்பது அந்த மூன்று பங்கைத்தான். செல்லுக்குள் போய் வேலை செய்வதும் அதுவே. மொத்த டி4 என்பது பெட்டியில் பூட்டியிருக்கும் பணம், ஃப்ரீ டி4 சட்டைப்பையில் இருக்கும் சில்லறை. செலவுக்கு உதவுவது சில்லறைதான்.

ஈஸ்ட்ரோஜனை மாத்திரையாக விழுங்கினால் அது குடலில் உறிஞ்சப்பட்டு, உடம்பின் மற்ற பாகங்களுக்குப் போகும் முன்பே நேராகக் கல்லீரலுக்குப் போய்விடுகிறது. அந்த முதல் சுற்றில் கல்லீரல் மட்டும் மற்ற எந்த உறுப்பும் பார்க்காத அளவு ஈஸ்ட்ரோஜனைப் பார்க்கிறது. அதன் விளைவாகக் கல்லீரலில் உருவாகும் டிபிஜி புரதத்தின் மீது கூடுதலாகச் சில சர்க்கரை மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்கின்றன. அப்படி ஒட்டியவை ரத்தத்திலிருந்து சீக்கிரம் கழியாமல் நீண்ட நேரம் தங்கிவிடுகின்றன. டிபிஜி கூடுகிறது, பூட்டி வைக்கிற பெட்டி பெரிதாகிறது, சில்லறை குறைகிறது.

தைராய்டு ஆரோக்கியமாக இருப்பவருக்கு இதனால் ஒன்றும் ஆவதில்லை. சில்லறை குறைந்ததை மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி உடனே கவனித்து, தைராய்டைக் கொஞ்சம் அதிகம் சுரக்கச் சொல்லும். தைராய்டும் சுரக்கும், கணக்கு நேராகிவிடும். அவருக்கு மொத்த டி4 மட்டும் கூடியிருக்கும், ஃப்ரீ டி4-ம் டிஎஸ்எச்சும் அப்படியே இருக்கும். இவர் சொந்த வியாபாரம் செய்பவர் மாதிரி. புதிதாக ஒரு செலவு வந்தால் கடையை இன்னும் ஒரு மணி நேரம் திறந்து வைப்பார். மாத்திரையை நம்பி இருப்பவரோ மாதச் சம்பளக்காரர். தினம் 75 மைக்ரோகிராம் என்றால் 75தான். சம்பளத்தில் புதிதாக ஒரு பிடித்தம் விழுந்தால் கையில் வருவது குறையத்தான் செய்யும். பிட்யூட்டரி டிஎஸ்எச்சை ஏற்றி ஏற்றிக் கத்தலாம், ஆனால் கேட்டுச் சுரக்க அங்கே சுரப்பி இல்லை.

2001-ல் பஹா அராஃபா என்ற அமெரிக்க மருத்துவர் இதைத்தான் நேரடியாக அளந்து பார்த்தார். மாதவிடாய் நின்ற 36 பெண்கள். அவர்களில் 11 பேருக்குத் தைராய்டு சரியாக இருந்தது, 25 பேர் தைராய்டு குறைபாட்டுக்காக மாத்திரை சாப்பிட்டுவந்தவர்கள். எல்லோருக்கும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை கொடுத்துப் பல மாதங்கள் தொடர்ந்து ரத்தம் பார்த்தார். முதல் குழுவில் ஃப்ரீ டி4-ம் டிஎஸ்எச்சும் அசையவில்லை. இரண்டாம் குழுவில் ஃப்ரீ டி4 குறைந்தது, சராசரி டிஎஸ்எச் 0.9-லிருந்து 3.2-க்குப் போனது. சராசரிதான் 3.2. சிலருக்கு அது 7-ஐயும் தாண்டி, டோஸைக் கூட்ட வேண்டி வந்தது. எல்லோருக்கும் ஏறவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஈஸ்ட்ரோஜன் தொடங்கும் நாளிலேயே தைராய்டு டோஸையும் கையோடு கூட்டிவிடுவது சரியில்லை. தொடங்கி 6 முதல் 12 வாரத்துக்குள் ஒருமுறை டிஎஸ்எச் பார்த்து, ஏறியிருந்தால் மட்டும் கூட்டுவதே முறை. ரத்தத்தில் இருக்கும் டி4 பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும் என்பதால் எந்த மாற்றமும் நிலைகொள்ள ஐந்தாறு வாரம் பிடிக்கும். பத்தாவது நாள் போய் டெஸ்ட் எடுப்பது காசுக்குக் கேடு.

ஈஸ்ட்ரோஜனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் முன் இன்னொரு சந்தேக நபரையும் விசாரிப்பது நல்லது. மாதவிடாய் நிற்கும் வயதில் எலும்புக்கு நல்லது என்று கால்சியம் மாத்திரையும் கூடவே தொடங்குவார்கள். கால்சியமும் இரும்புச் சத்து மாத்திரையும் லெவோதைராக்ஸினைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். காலையில் எல்லா மாத்திரைகளையும் ஒரே கையில் கொட்டி ஒரே மடக்கில் விழுங்கும் பழக்கம் இருந்தால், டிஎஸ்எச் ஏறியதற்குக் கல்லீரலைத் தேடிப் போகவே வேண்டாம்.

விழுங்கினால் ஒரு கதை, ஒட்டினால் வேறு கதை

இதுவரை சொன்னதெல்லாம் விழுங்கும் ஈஸ்ட்ரோஜனுக்குத்தான். பேட்ச், ஜெல், ஸ்ப்ரே என்று தோல் வழியாகப் போகும் ஈஸ்ட்ரோஜன் நேராக ரத்தத்தில் கலக்கிறது. கல்லீரலுக்கு அந்த முதல் சுற்று வெள்ளம் இல்லை. அதனால் டிபிஜி ஏறக்குறைய அசைவதில்லை, தைராய்டு டோஸும் பெரும்பாலும் மாற வேண்டியதில்லை. பெண்ணுறுப்பு வறட்சிக்காக உள்ளே வைக்கும் குறைந்த டோஸ் கிரீம், மாத்திரைகளுக்கும் அப்படியே. ரத்தம் உறையும் ஆபத்து மாத்திரையில் கூடுதலாகவும் பேட்ச்சில் குறைவாகவும் இருப்பதற்கும் காரணம் இதே கல்லீரல் சுற்றுதான். ரத்தம் உறைய உதவும் புரதங்களும் அங்கேதான் தயாராகின்றன.

என்னைக் கேட்டால், ஏற்கெனவே தைராய்டு மாத்திரையையோ ஸ்டீராய்டு மாத்திரையையோ நம்பி வாழ்பவர் ஹார்மோன் சிகிச்சை தொடங்கும்போது மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘எனக்குப் பேட்ச் சரிப்படுமா?’ என்பதுதான். சரிப்பட்டால் இந்தக் கட்டுரையின் பாதி அவருக்குத் தேவைப்படாது. மாத்திரைதான் தோது என்றாலும் தப்பில்லை, ஒரு டெஸ்ட் கூடுதலாக எடுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ஆண் ஹார்மோன் இதற்கு நேர் எதிராக வேலை செய்யும். டெஸ்டோஸ்டிரோன் டிபிஜியைக் குறைக்கிறது, பெட்டி சிறிதாகிறது, சில்லறை கூடுகிறது. மார்பகப் புற்றுநோய்க்காக ஆண் ஹார்மோன் கொடுக்கப்பட்ட, தைராய்டு மாத்திரையும் சாப்பிட்டுவந்த பெண்களை அதே அராஃபா 1994-ல் கவனித்தபோது அவர்களின் தைராய்டு டோஸைக் குறைக்க வேண்டி வந்தது. குறைக்கும்வரை படபடப்பு, எடை இறங்குவது என்று அதிகத் தைராய்டின் அறிகுறிகள். டெஸ்டோஸ்டிரோன் எடுக்கும் திருநம்பியருக்கும், ஈஸ்ட்ரோஜனை மாத்திரையாக எடுக்கும் திருநங்கையருக்கும் இந்த இரண்டு கணக்கும் முறையே பொருந்தும், அவர்களும் தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களாக இருந்தால்.

கார்டிசால்: பொய் சொல்லும் எண்

தைராய்டையும் அட்ரினலையும் ஒரே மூச்சில் பேசுவது இன்றைய பழக்கம் என்று நினைக்கிறோம். 1914-ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று தைராக்ஸினைப் படிகமாகப் பிரித்தெடுத்த எட்வர்ட் கெண்டால்தான் பிற்பாடு அட்ரினல் சுரப்பியிலிருந்து கார்டிசாலின் உறவு ஹார்மோனான கார்டிசோனையும் பிரித்தெடுத்தவர். இரண்டாவது வேலைக்காக 1950-ல் ஃபிலிப் ஹென்ச், டாடயஸ் ரைக்ஸ்டைன் ஆகியோரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஒரே மனிதரின் மேஜையில் இரண்டு சுரப்பிகளும் இருந்திருக்கின்றன.

கார்டிசாலுக்கும் சுமைதூக்கிப் புரதம் உண்டு, அதன் பெயர் சிபிஜி. ரத்தத்தில் உள்ள கார்டிசாலில் பெரும்பகுதி இதோடும், கொஞ்சம் ஆல்புமினோடும் ஒட்டியிருக்கும். சுதந்திரமாக இருப்பது சுமார் 5 சதவீதம். விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் சிபிஜியையும் ஏற்றிவிடும். தைராய்டுக்காவது ஃப்ரீ டி4 என்று தனி டெஸ்ட் சாதாரணமாகக் கிடைக்கிறது. கார்டிசாலுக்கு வழக்கமான ரத்தப் பரிசோதனை அளப்பது மொத்தத்தை மட்டுமே. காலை 8 மணிக்கு எடுக்கும் கார்டிசால் டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 5 முதல் 25 மைக்ரோகிராம் வரை இயல்பு என்று வைத்துக்கொண்டால், ஈஸ்ட்ரோஜன் மாத்திரை சாப்பிடுபவருக்கு அது 30-ஐத் தாண்டி ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் வந்து நிற்கலாம். உடம்புக்குள் வேலை செய்யும் கார்டிசால் கூடவேயில்லை, பூட்டிய பெட்டிதான் பெரிதாகியிருக்கிறது.

இந்த ஒரு எண்ணிலிருந்து கிளம்பும் அலைச்சல் கொஞ்சநஞ்சமல்ல. கார்டிசால் அதிகம் என்றதும், அது அளவுமீறிச் சுரக்கும் குஷிங் நோயோ என்ற பயம் வரும். அடுத்து, டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டால் கார்டிசாலை அடக்கிப் பார்க்கும் பரிசோதனை: இரவு 11 மணிக்கு 1 மில்லிகிராம் மாத்திரை விழுங்கி, மறுநாள் காலை கார்டிசால் 1.8-க்குக் கீழே இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். சிபிஜி கூடியிருப்பதால் அது இறங்காமல் நின்று, நோய் இருப்பதுபோல் காட்டிவிடும். அப்புறம் வயிற்று ஸ்கேன். வயது ஏற ஏற அட்ரினலில் தீங்கில்லாத சிறு கட்டிகள் இருப்பது சகஜம். ஸ்கேனில் அப்படி ஒன்று தென்பட்டுவிட்டால் இரண்டு பொய்த் தடயங்களும் ஒன்றையொன்று கைபிடித்துக்கொள்ளும். இதைத் தவிர்க்க, இந்தப் பரிசோதனைக்கு முன் ஈஸ்ட்ரோஜன் மாத்திரையைச் சுமார் ஆறு வாரம் நிறுத்தச் சொல்வது வழக்கம். நிறுத்த முடியாதவருக்கு நள்ளிரவு எச்சிலில் கார்டிசால் பார்க்கலாம், அல்லது 24 மணி நேரச் சிறுநீரில் பார்க்கலாம். எச்சிலுக்கும் சிறுநீருக்கும் வந்து சேர்வது ஒட்டாத கார்டிசால்தான், அங்கே சிபிஜியின் ஜாலம் செல்லாது.

எண் பெரிதாகத் தெரிவதால் வரும் சங்கடத்தைவிட மோசமானது இதன் மறுபக்கம். அட்ரினல் உண்மையிலேயே நலிந்திருக்கிறதா என்று பார்க்கும்போது, காலை கார்டிசால் 3-க்குக் கீழே இருந்தால் குறைபாடு ஏறக்குறைய உறுதி, 15-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை என்று மருத்துவர்கள் கணிப்பார்கள். ஈஸ்ட்ரோஜன் மாத்திரை இந்த எண்ணை மேலே தூக்கிக் காட்டிவிட்டால் குறைபாடு உள்ளவருக்கும் ‘நார்மல்’ என்று ரிப்போர்ட் வரும். பொய்யாக நோய் காட்டும் எண் அலைச்சலைத் தரும், பொய்யாக ஆரோக்கியம் காட்டும் எண் ஆளையே சாய்த்துவிடும்.

அட்ரினல் குறைபாட்டுக்கு ஏற்கெனவே ஹைட்ரோகார்ட்டிசோன் (மாத்திரை வடிவிலான கார்டிசால்) எடுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். அவர்களுக்கு நாளொன்றுக்கு வழக்கமாக 15 முதல் 25 மில்லிகிராம், இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுப்பார்கள். ஈஸ்ட்ரோஜன் மாத்திரை சேர்ந்த பிறகு ரத்தத்தில் கார்டிசால் அதிகமாகத் தெரிகிறதே என்று டோஸைக் குறைத்துவிடக் கூடாது. எடை, ரத்த அழுத்தம், எழுந்து நிற்கும்போது தலைசுற்றல், சோடியம், நாள் முழுக்க ஆள் எப்படி இருக்கிறார் என்பதைப் பார்த்து முடிவு செய்வதே சரி. காய்ச்சல் வந்தால் டோஸை இரட்டிப்பாக்குவது, வாந்தி நிற்கவில்லை என்றால் ஊசி போட்டுக்கொள்வது என்று அவர்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கும் விதிகள் ஹார்மோன் சிகிச்சையால் துளியும் மாறாது. இன்னொன்று: ஆண் ஹார்மோனைத் தடுக்கத் திருநங்கையருக்குக் கொடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றும் மருந்து. அட்ரினலே பழுதாகும் அடிசன் நோய் உள்ளவருக்கு உப்பைக் காக்கும் ஹார்மோன் ஏற்கெனவே குறைவு, பொட்டாசியம் ஏறும் உடம்பு. இரண்டையும் சேர்ப்பது நெருப்போடு விளையாட்டு.

எது முதலில்?

தைராய்டும் கார்டிசாலும் இரண்டுமே குறைந்திருப்பவருக்கு மருத்துவத்தில் மாற்ற முடியாத ஒரு வரிசை உண்டு. முதலில் கார்டிசால், அப்புறம்தான் தைராய்டு. தைராய்டு ஹார்மோன் உடம்பின் எல்லா வேலைகளையும் முடுக்கிவிடும், கார்டிசாலைச் சிதைத்துக் கழிப்பதும் அதில் ஒன்று. கொஞ்சநஞ்சம் இருந்த கார்டிசாலும் வேகமாகக் கழிந்து, தேவையும் கூடிவிட்டால், அரைகுறையாகத் தாக்குப்பிடித்துக்கொண்டிருந்த அட்ரினல் கைவிரித்துவிடும். வாந்தி, ரத்த அழுத்தம் சரிவது, மயக்கம் என்று அட்ரினல் நெருக்கடி வரும். தைராய்டு மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் ஒருவர் தேறாமல் இன்னும் மோசமானால், ‘டோஸ் பத்தவில்லை’ என்று கூட்டுவதற்கு முன் அட்ரினலைப் பார்க்க வேண்டியது இதனால்தான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அடிசன் நோய் தொடங்கும்போது கார்டிசால் குறைவு ஒன்றினாலேயே டிஎஸ்எச் லேசாக ஏறலாம். கார்டிசாலைச் சரிசெய்தால் டிஎஸ்எச் தானாக இறங்கிவிடும். அந்த லேசான ஏற்றத்தைத் தைராய்டு குறைபாடு என்று எடுத்துக்கொண்டு மாத்திரை எழுதுவது, மேலே சொன்ன வலைக்குள் நேராகப் போய் விழுவதுதான்.

இரண்டும் ஒருவருக்கே சேர்ந்து வருமா என்று கேட்கலாம். வரும். உடம்பின் எதிர்ப்பு சக்தியே சுரப்பிகளைத் தாக்கும் வகை நோய்கள் கூட்டமாக வருபவை. தைராய்டும் அட்ரினலும் சேர்ந்து பழுதாவதை 1926-லேயே ஷ்மிட் என்ற மருத்துவர் பதிவு செய்திருக்கிறார். அதே கூட்டத்தில் சினைப்பையும் சேரும். நாற்பது வயதுக்கு முன்பே சினைப்பை செயலிழப்பது பெண்களில் சுமார் 1 சதவீதம் பேருக்கு நடக்கிறது. அவர்கள் பொதுவாக ஐம்பது வயதுவரை ஹார்மோன் சிகிச்சை எடுக்க வேண்டும். அதில் காரணம் தெரியாதவர்களுக்குத் தைராய்டு, அட்ரினல் இரண்டுக்கும் எதிரான ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்ப்பது நெறிமுறையாகவே இருக்கிறது. ஐம்பதில் ஹார்மோன் தொடங்குபவரைவிட முப்பத்தைந்தில் தொடங்குபவரிடம் இந்த மூன்று சுரப்பிகளையும் ஒருசேர யோசிக்க வேண்டும் என்பேன்.

அசதிக்கும் அசதிக்கும் வித்தியாசம் தெரிய, நெருங்கிப் பார்க்க வேண்டிய இடங்கள் சில உண்டு. மாதவிடாய் நிற்பதும் தைராய்டு குறைவதும் எடையைக் கூட்டும் பக்கம் தள்ளும், அடிசன் நோயில் எடை இறங்கும். உள்ளங்கை ரேகைகள் மற்ற தோலைவிடக் கருத்திருக்கின்றனவா, ஈறில் புதிதாகக் கருந்திட்டு இருக்கிறதா, சமீபத்திய தழும்பு மட்டும் கருத்துக் கிடக்கிறதா, உப்பைத் தேடித் தேடிச் சாப்பிடத் தோன்றுகிறதா, படுக்கையிலிருந்து எழுந்தால் கண் இருட்டுகிறதா? ஹார்மோன் சிகிச்சை தொடங்கியும் அசதி போகவில்லை என்று வருபவரிடம் இந்த ஐந்து கேள்விகளைக் கேட்க இரண்டு நிமிஷம்கூட ஆகாது. கூடவே ஆறாவதாக ஒன்று: ஆஸ்துமா இன்ஹேலர், மூட்டில் போட்ட ஊசி, தோல் களிம்பு, மாதக்கணக்கில் சாப்பிட்ட பிரெட்னிசோலோன் இவற்றில் ஏதாவது உண்டா? இவற்றில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். அட்ரினலைத் தூங்க வைத்துவிட்டு, திடீரென்று நிறுத்தினால் வெறுங்கையோடு விட்டுவிடும்.

பிட்யூட்டரியே பழுதானவர்கள் தனி வகை. அங்கே கட்டி எடுத்தவர்கள், கதிர்வீச்சு கொடுக்கப்பட்டவர்கள், பிரசவத்தில் ரத்தம் நிறையப் போனதால் பிட்யூட்டரி செத்துப்போன ஷீஹன் நோய்க்காரர்கள் இதில் வருவார்கள். இவர்களுக்குத் தைராய்டு, கார்டிசால், ஈஸ்ட்ரோஜன் மூன்றும் வெளியிலிருந்துதான் வர வேண்டும். நமது கற்பனைப் பெண்ணுக்காவது டிஎஸ்எச் ஏறி மணி அடித்துச் சொன்னது. இவர்களுக்கு மணியே கழன்றுவிட்டது. ஈஸ்ட்ரோஜன் மாத்திரையால் ஃப்ரீ டி4 குறைந்தாலும் டிஎஸ்எச் ஏறாது, ரிப்போர்ட் அமைதியாக இருக்கும். இவர்களுக்கு டிஎஸ்எச்சைப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. ஃப்ரீ டி4-ஐத்தான் பார்க்க வேண்டும், அதுவும் இயல்பு வரம்பின் மேல் பாதியில் இருக்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும்.

‘களைத்துப்போன அட்ரினல்’

சரி, எந்த நோயும் இல்லை, ஆனாலும் களைப்பு என்பவர்களிடம் இப்போது அதிகம் விற்கப்படும் சொல் ‘அட்ரினல் ஃபட்டீக்’. மன அழுத்தம் தொடர்ந்து அட்ரினலைப் பிழிந்து அது களைத்துப்போகிறது, கார்டிசாலைச் சமன் செய்யாமல் ஹார்மோன் சிகிச்சை வேலை செய்யாது என்பது வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. 1998-ல் ஒரு மாற்று மருத்துவர் சூட்டிய பெயர் இது. 2016-ல் இரண்டு பிரேசில் மருத்துவர்கள் இதைப் பற்றி வந்த 58 ஆய்வுகளை அலசி, அப்படி ஒரு நோய் இருப்பதற்கு ஆதாரமில்லை என்று எழுதினார்கள். நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களின் சங்கங்களும் இதை நோயாக ஏற்பதில்லை. களைப்பு நிஜம், அதற்குச் சொல்லப்படும் காரணம்தான் நிஜமில்லை.

இதில் எனக்குக் கோபம் வருவது பெயரைப் பார்த்து அல்ல, வைத்தியத்தைப் பார்த்து. இல்லாத குறைக்கு ஹைட்ரோகார்ட்டிசோன் சாப்பிட்டால், நன்றாக இருந்த அட்ரினல் தானாகச் சுரப்பதை நிறுத்திக்கொள்ளும். நோய் இல்லாதவர் நோயாளியாகிவிடுவார். ‘அட்ரினல் சப்போர்ட்’ என்று விற்ற 12 சத்து மாத்திரைகளை அமெரிக்காவில் சோதித்துப் பார்த்து 2018-ல் ஓர் ஆய்வு வெளியானது. பன்னிரண்டிலும் டி3 தைராய்டு ஹார்மோன் இருந்தது, பாதிக்கும் மேற்பட்டவற்றில் ஏதோ ஒரு ஸ்டீராய்டு ஹார்மோன். டப்பாவின் மேல் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதைச் சாப்பிட்டதும் சுறுசுறுப்பு வந்ததென்றால் வராமல் என்ன செய்யும்?

அதே அலமாரியில் முடிக்கும் நகத்துக்கும் என்று பயோட்டின் மாத்திரை இருக்கும். முடி கொட்டுவது தைராய்டிலும் உண்டு, மாதவிடாய் நிற்கும்போதும் உண்டு என்பதால் இந்த வயதில் பலரும் அதை வாங்குகிறார்கள். ஒரு நாளைக்கு உடம்புக்குத் தேவை சுமார் 30 மைக்ரோகிராம், மாத்திரையில் இருப்பதோ 5,000 அல்லது 10,000 மைக்ரோகிராம். இது உடம்பை ஒன்றும் செய்யாது, ஆனால் பல லேப் கருவிகளைக் குழப்பிவிடும். டிஎஸ்எச்சைப் பொய்யாகக் குறைத்தும், ஃப்ரீ டி4-ஐயும் கார்டிசாலையும் பொய்யாக ஏற்றியும் காட்டும். ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்தியிருக்க வேண்டும். ரத்தம் எடுக்கிறவரிடம் இதையும், ஈஸ்ட்ரோஜன் எந்த வடிவில் எடுக்கிறோம் என்பதையும் சொல்வது பத்து விநாடி வேலை.

மீண்டும் அந்த 51 வயதுப் பெண்ணிடம் போவோம். அவருடைய டிஎஸ்எச் 6.9. கால்சியம் மாத்திரை இரவில்தான் சாப்பிடுகிறார், பயோட்டின் இல்லை. மருத்துவர் லெவோதைராக்ஸினை 100 மைக்ரோகிராம் ஆக்கினார். ஏழு வாரம் கழித்து டிஎஸ்எச் 1.7. அசதியும் உப்பலும் போய்விட்டன. பிரச்சினை அதற்கு ஒன்பது வருஷம் கழித்து, அறுபதாவது வயதில் வரும். ஹார்மோன் சிகிச்சை போதும் என்று நிறுத்துவார், அல்லது மாத்திரையை விட்டுவிட்டுப் பேட்ச்சுக்கு மாறுவார். சில வாரங்களில் டிபிஜி பழைய அளவுக்கு இறங்கும். சம்பளப் பிடித்தம் நின்றுவிட்டது, கூட்டிய சம்பளம் மட்டும் அப்படியே வந்துகொண்டிருக்கும். இப்போது டிஎஸ்எச் கீழே சரியும். அறுபது தாண்டியவர்களில் டிஎஸ்எச் 0.1-க்கும் கீழே இருந்தவர்களுக்கு அடுத்த பத்து ஆண்டுகளில் இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஆபத்து மூன்று மடங்கு என்று 1994-ல் அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊர்மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு காட்டியது. ஈஸ்ட்ரோஜன் விலகியதால் எலும்பு தேயத் தொடங்கும் நேரமும் அதுவே, அதிகத் தைராய்டு அந்தத் தேய்மானத்துக்கும் கை கொடுக்கும். ஈஸ்ட்ரோஜனை நிறுத்தச் சொன்னவர் ஒரு மருத்துவர், தைராய்டு மாத்திரை எழுதுபவர் இன்னொருவர். நடுவில் யாரும் டிஎஸ்எச் பார்க்கச் சொல்லவில்லை என்றால், இரவில் நெஞ்சு படபடக்கிறது என்று அவர் போய் நிற்பது மூன்றாவது மருத்துவரிடம். அவர் கையில் இருக்கும் சீட்டில் லெவோதைராக்ஸின் 100 என்றே இருக்கும்.